மாமாவின் கேம் கடையும் ‘மேம்’ மென்பொருளும்

ஒரே மென்பொருளில் பழைய கம்ப்யூட்டர், டிவி கேம், காசு போட்டு ஆடும் பெட்டி எல்லாம் ஓடுமா? போன மாதம் இரண்டு பேர் இதைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஓடும். எவ்வளவு நன்றாக ஓடும் என்பதுதான் கொஞ்சம் வளவளப்பான கதை. அதைச் சொல்ல யாங்கோனில் இருக்கும் என் தாய்மாமாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் பார்த்த ஒரே உண்மையான பரிசோதகர் அவர்தான்.

மாமா இருப்பது லான்மடாவில். யாங்கோன் வரைபடத்தில் சைனா டவுன் என்று போட்டிருக்கும் லத்தாவுக்கு அடுத்து மேற்கே வரும் பகுதி. பர்மிய மொழியில் ‘லான்மா’ என்றால் பெரிய சாலை, ‘டாவ்’ மரியாதைக்குச் சேர்ப்பது. பேர்தான் பெரிய சாலை. மாமாவின் தெரு, எதிர் வீட்டுக்காரர் தும்மினால் இங்கிருந்து ‘நூறாயுசு’ சொல்லும் அகலம். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப்போ பையோ இருக்கும். கீழே பேப்பர்காரர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். ஐந்தாவது மாடிக்கு ஏறி இறங்கிப் பழகாத என் போன்ற மெல்போர்ன் முழங்காலுக்கு அந்தக் கயிறுதான் கடவுள்.

1990-களின் நடுவில் மாமா அந்தத் தெருவில், தரைத்தளத்தில், ஒரு கெய்ம் சைங் வைத்திருந்தார். சைங் என்றால் கடை. ஐந்து டிவி, ஐந்து டிவி கேம், ஒரு மூலையில் ஒரே ஒரு ஆர்கேட் பெட்டி. மணிக்கணக்கில் வாடகை. இன்டர்நெட் கடைகள் வந்த பிறகு ஆள் வரத்து குறைந்து கடையை மூடிவிட்டார். பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின. ஆர்கேட் பெட்டியின் சர்க்யூட் பலகையை மட்டும் விற்க மனசில்லாமல், அத்தையின் பழைய புடவையில் சுற்றிப் பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறார். அது இப்போது உயிரோடு இல்லை.

மாமாவின் மகன், வீட்டில் எல்லோரும் சின்னவன் என்று கூப்பிடுகிற அவன், தன் பழைய லேப்டாப்பில் ‘மேம்’ மென்பொருளைப் போட்டு அப்பாவின் கடையை அதற்குள் திரும்பக் கட்டப் பார்த்தான். பாதியில் நின்றுவிட்டது. 2024 பிப்ரவரியில் 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களைக் கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. சின்னவனுக்கு அப்போது 24. இப்போது தாய்லாந்தில் இருக்கிறான். எந்த ஊர் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. லேப்டாப் லான்மடாவிலேயே தங்கிவிட்டது. டிசம்பரில் நான் போனபோது மாமா அதை என் முன்னால் வைத்தார்.

“இதுல அவன் என்னமோ பண்ணி வச்சிருக்கான் பாப்பா. பேரு மேம்னு சொல்றான். மேம், மேடம், எனக்கு ஒண்ணும் புரியல. என் கடை மாதிரி ஓடுதான்னு பாத்துச் சொல்லு.”

‘என் கடை மாதிரி’ என்பதுதான் அளவுகோல். இணையத்தில் நீங்கள் பார்க்கும் விமர்சனம் எதிலும் இந்த அளவுகோல் கிடையாது.

முதலில் மேம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ‘மல்டிபிள் ஆர்கேட் மெஷின் எமுலேட்டர்’ என்பதன் சுருக்கம். 1997 பிப்ரவரியில் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் வெளியிட்டது. பேக்-மேன் வகை ஆட்டங்களுக்குத் தனித்தனியாக எழுதியவற்றை ஒன்றாகச் சேர்த்ததுதான் தொடக்கம். கம்ப்யூட்டர்களுக்கும் டிவி கேம்களுக்கும் ‘மெஸ்’ என்று ஒரு தங்கச்சி மென்பொருள் தனியாக இருந்தது. 2015 மே மாதம் இரண்டும் ஒன்றாயின. மறு வருடம் முழுக்கத் திறந்த மூல மென்பொருள் ஆனது. இன்று அதில் பல ஆயிரம் இயந்திரங்கள். ஆட்டம் ஆடுவதற்காக அதை எழுதவில்லை என்று அதை எழுதுபவர்களே சொல்வார்கள். பழைய இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று எழுதி வைப்பதுதான் நோக்கம், ஆட முடிவது ஒரு பக்க விளைவு என்பார்கள். கேட்கும்போது கொஞ்சம் பந்தாவாகத் தோன்றும். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மேமின் கிறுக்குத்தனங்கள் புரியும்.

உதாரணத்துக்கு ஒன்று. 1972-இல் வந்த பாங், இரண்டு கோடும் ஒரு பந்தும்தான். 1992-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சாம்பியன் எடிஷன், ஆளுயர உருவங்கள், பின்னணி, பாட்டு, கத்தல். எது ஓட்டக் கஷ்டம்? சின்னவனின் லேப்டாப்பில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, பாங் மூச்சு வாங்குகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் பலகையில் 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு மோட்டரோலா 68000 சிப் இருக்கிறது, ஒலிக்கு ஒரு இசட்80 இருக்கிறது. அந்த சிப்புகள் செய்வதை மென்பொருளில் செய்துகாட்டினால் போதும், அவற்றுக்கான ஆட்டம் தானாக ஓடும். பாங்கில் அப்படி ஒரு நுண்செயலியும் இல்லை, நிரலும் இல்லை. மின்சாரம் கம்பியில் ஓடுவதுதான் ஆட்டம். அதனால் மேம் ஒவ்வொரு சின்ன மின்சுற்றையும், இந்த நொடித்துணுக்கில் இங்கே மின்னழுத்தம் எவ்வளவு என்று, கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. உங்களிடம் மேம் இருந்தால் எஃப்11 அழுத்திப் பாருங்கள், எத்தனை சதவீத வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும். நூறுக்குக் கீழே போனால் உங்கள் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அர்த்தம்.

சரி, மாமாவின் தேர்வுக்கு வருவோம். முதலில் டிவி கேம்.

அவர் கடையில் இருந்த ஐந்தில் ஒன்றுகூட நின்டெண்டோ செய்தது இல்லை. எல்லாம் நகல். 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் செய்த பெட்டிகள். நம் அப்பா, அம்மா தலைமுறையில் சென்னை, கொழும்பு, கோலாலம்பூர், யாங்கோன் எங்கே வளர்ந்தவர்களும் ‘டிவி கேம்’ என்று சொன்னால் அநேகமாக இதைத்தான் சொல்கிறார்கள். மஞ்சள் கேசட், அதன் மேல் ‘9999999 இன் 1’ என்று ஒட்டியிருக்கும். உள்ளே உண்மையில் ஏழெட்டு ஆட்டம், அதையே வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கித் தொண்ணூற்றொன்பது லட்சத்தைத் தாண்டிக் கணக்குக் காட்டியிருப்பார்கள். அரசியல் கட்சி உறுப்பினர் பட்டியல் மாதிரி.

மேமில் ஃபேமிகாமைத் திறந்து காண்ட்ரா போட்டேன். வேகம் நூறு சதவீதம். படம் துல்லியம். மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார்.

“இது இல்ல.”

“என்ன மாமா இல்ல?”

“குரல் வேற. பாட்டு அதேதான். பாடுற ஆளு வேற.”

வயசாகிவிட்டது, காது மங்கியிருக்கும் என்று அத்தை சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். ஆனால் மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஃபேமிகாமின் ஒலிச் சிப்பில் இரண்டு ‘பல்ஸ்’ குரல்கள் உண்டு. அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை மாற்றினால் குரலின் தன்மை மாறும். கால்வாசி நேரம் நின்றால் மெலிதாக, மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கும். பாதி நேரம் நின்றால் உருண்டையாக, புல்லாங்குழல் பக்கமாகப் போகும். நகல் சிப் செய்த சிலர் இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டிகளில் மெலிதாக வர வேண்டியது உருண்டையாக வரும், உருண்டையாக வர வேண்டியது மெலிதாக வரும். மெட்டு மாறாது, குரல் மட்டும் மாறும்.

அதாவது, மேம் சரியாகத்தான் ஓட்டியது. மாமாவின் கடைதான் தப்பாக ஓடியது. பத்துப் பன்னிரண்டு வருடம், தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், அந்தத் தப்புதான் காண்ட்ராவின் குரல்.

இதற்கு மருந்து இருக்கிறது. ‘மெசென்’ என்று இன்னொரு எமுலேட்டர். அதுவும் பல இயந்திரங்களை ஓட்டும், ஆனால் மேம் அளவுக்கு ஊர்ப்பட்ட பட்டியல் கிடையாது. ஃபேமிகாம் விஷயத்தில் அதற்கு நிகர் குறைவு. அதன் ஒலி அமைப்புகளில், பழைய நகல் பெட்டிகளைப் போலப் பல்ஸ் குரல்களை மாற்றிப் போட ஒரு டிக் பெட்டியே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. எங்கேயோ உட்கார்ந்து இந்த மென்பொருளை எழுதுகிறவர், தப்பான பெட்டியில் வளர்ந்தவர்களுக்காக ஒரு பொத்தான் வைக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார் இல்லையா? டிக் போட்டு மறுபடி ஓட்டினேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. கால் தாளம் போட்டது.

ஒலியோடு முடியவில்லை. ஐந்து பெட்டியில் நாலாம் நம்பர் பெட்டிக்குத்தான் எப்போதும் வரிசை நிற்குமாம். ஏன் என்று அவருக்கு அப்போது தெரியாது. நான் நாலைந்து கேள்வி கேட்டதும் விடை வந்துவிட்டது. மற்ற நான்கும் சீனா எல்லை வழியாகவோ கப்பல்காரர்கள் மூலமாகவோ வந்தவை. நாலாம் நம்பர் மட்டும் ஒரு சொந்தக்காரர் சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்தது.

இங்கே ஒரு சின்ன சுற்றுவழி, பொறுத்துக்கொள்ளுங்கள். பர்மா பஜார் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1964-இல் பர்மிய அரசு கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியது. அதில் பிழைப்பு இழந்து லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் கப்பல் ஏறினார்கள், அதில் தமிழர்கள் ஏராளம். அப்படித் திரும்பியவர்களுக்காக 1969-இல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே உருவான கடைவரிசைதான் அது. பின்னால் வெளிநாட்டு எலக்ட்ரானிக் சாமான் என்றாலே பர்மா பஜார் என்று ஆனது. பர்மாவிலிருந்து விரட்டப்பட்டவர்களின் கடையில் வாங்கிய டிவி கேம், மறுபடி பர்மாவுக்கே வந்து லான்மடாவில் வாடகைக்கு ஓடியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் போனவர்களும் உண்டு, தங்கியவர்களும் உண்டு. தங்கியவர்களின் வாரிசுதான் மாமா.

இந்தியாவில் டிவி பால் முறை, நொடிக்கு 50 படம். பர்மா என்டிஎஸ்சி முறை, நொடிக்கு 60. பழைய ஆட்டங்கள் டிவியின் துடிப்பைப் பார்த்துத்தான் அடி எடுத்து வைக்கும். அதனால் இந்தியாவுக்குச் செய்த பெட்டியில் அதே ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். குண்டு மெதுவாக வரும், ஒதுங்க நேரம் இருக்கும். இரண்டு முறையையும் ஏற்கும் டிவி கடையில் ஒன்றே ஒன்று இருந்தது, அதில்தான் நாலாம் நம்பர். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது, ஆனால் எங்கே உயிர் அதிக நேரம் தங்கும் என்று தெரிந்திருக்கிறது. மெசெனில் இதற்கும் வழி இருக்கிறது: என்டிஎஸ்சி, பால், ‘டெண்டி’ என்று மூன்று வகை. டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற ஒரு நகல் பெட்டியின் பெயர், 50 படம் காட்டும் நகல்களுக்கு இப்போது அதுவே பொதுப்பெயர் ஆகிவிட்டது. அதைப் போட்டுக் காட்டினேன். மாமா நாலு நொடி பார்த்துவிட்டு, “இதுதான்டி அந்தச் சோம்பேறிப் பெட்டி” என்றார்.

இந்த இடத்தில் மின்சாரம் போனது. யாங்கோனில் இப்போது மின்சாரம் முறை வைத்து வரும், போகும். வீட்டில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன, ஆனால் அவை விளக்குக்கும் விசிறிக்கும் அத்தையின் சீரியலுக்கும். எமுலேட்டருக்கு ஒதுக்கீடு இல்லை. லேப்டாப் பேட்டரி இருபது நிமிடம் தாங்கும். எனவே என் ஆராய்ச்சியெல்லாம் இருபது நிமிடத் தவணைகளில் நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. நாங்கள் இறங்கிப்போய் லஃபெயெ குடித்துவிட்டு வந்தோம், பெரிய சீனி, பெரிய பால், சின்ன டீ. கடைக்காரரிடம் மாமா என்னை அறிமுகப்படுத்தியபோது, இந்தப் பிள்ளை புத்தகத்திலிருந்து தமிழ் பேசும் என்று சொல்லிச் சிரித்தார். அவர் தமிழில் மூன்று சொல்லுக்கு ஒரு சொல் பர்மியம். யார் யாரைச் சொல்வது.

மற்ற டிவி கேம்களைப் பற்றிச் சுருக்கமாக. மேமில் எல்லாம் இருக்கும், எல்லாம் ஆடத் தகாது. சேகா சாட்டர்ன், நின்டெண்டோ 64 போன்றவற்றைத் திறந்தால் இது இன்னும் முழுமையாகவில்லை என்று அதுவே எச்சரிக்கை காட்டும். நம்புங்கள் அதை. பிளேஸ்டேஷனுக்கு ‘டக்ஸ்டேஷன்’, சாட்டர்னுக்கு ‘மெட்னாஃபென்’ என்று போய்விடுவது நல்லது. ‘ரெட்ரோஆர்ச்’ என்று ஒன்று இருக்கிறது, அது தானாக எதையும் ஓட்டாது, மற்றவர்கள் எழுதிய எமுலேட்டர்களை ஒரே கூரைக்குக் கீழே வைக்கும் சத்திரம். தொடங்குபவர்களுக்கு அது வசதி. பொத்தான் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையில் உள்ள தாமதத்தைக் குறைக்க அதில் ஒரு நல்ல தந்திரமும் இருக்கிறது: ஆட்டத்தை ஓரிரு படம் முன்னால் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதை உங்களுக்குக் காட்டும். மாமாவுக்கு அந்தத் தாமதம் தெரிகிறது. பழைய டப்பா டிவியில் அது கிட்டத்தட்ட இருக்காது, இன்றைய தட்டைத் திரையில் இருக்கிறது. எமுலேட்டர் மேல் பழி போடுமுன் உங்கள் டிவியில் ‘கேம் மோட்’ போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கம்ப்யூட்டர்கள் எப்படி என்று கேட்டவர்களுக்கு: இயந்திரத்தைப் பொறுத்தது. திருச்சியில் படித்த என் பெரியப்பா, பள்ளியில் தொட்ட பிபிசி மைக்ரோவைப் பற்றி இன்னும் பேசுவார். 1984-இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த இயந்திரம் அது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 சிப், 32 கேபி நினைவகம். இன்றைய ஒரு வாட்ஸாப் ஸ்டிக்கரைக்கூட அதில் வைக்க முடியாமல் போகலாம். மேமில் அது அருமையாக ஓடுகிறது, ஆப்பிள் 2-ம் அப்படியே. ஃபிளாப்பி சுற்றும் கடகட சத்தம்கூட வரும். பெரியப்பாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டியதும், திரையில் பத்து வரி பேசிக் நிரலைச் சொல்லச் சொல்ல என்னை அடிக்க வைத்தார். தன் பெயரை இருநூறு தடவை வரிசையாகக் காட்டும் நிரல்.

ஆனால் ஒன்று: கம்ப்யூட்டருக்கு முழு விசைப்பலகை வேண்டும், மேமுக்கும் சில விசைகள் வேண்டும். எஸ்கேப் அழுத்தினால் பழைய கம்ப்யூட்டருக்குப் போக வேண்டியது மேமையே மூடிவிடலாம். யாருக்கு எந்த விசை என்று மாற்ற ஸ்க்ரோல் லாக் வேண்டும், பல லேப்டாப்பில் அந்த விசையே கிடையாது. அமைப்புகளில் வேறு விசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய டாஸ் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால் மேமோடு மல்லுக்கட்டாதீர்கள், ‘டாஸ்பாக்ஸ்’ அல்லது ‘86பாக்ஸ்’ போதும். அப்பா காலத்துத் தமிழ் எழுதிகளை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் அதே வழி.

இனி ஆர்கேட் பெட்டி. மேம் ராஜாங்கம் நடத்தும் இடம்.

மாமாவின் மூலைப் பெட்டியில் இருந்ததும் நகல்தான், அதிலும் பிரசித்தி பெற்ற நகல்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் ‘ரெயின்போ எடிஷன்’. சாம்பியன் எடிஷனைப் பிடித்து, யாரோ நிரலில் கை வைத்துக் கிறுக்காக்கி விட்டது. ரியூ ஆகாயத்தில் பறந்துகொண்டே ஹடோகென் விடுவான். அது நேராகப் போகாமல் எதிரியைத் தேடிப் போகும். ஆட்டத்தின் நடுவில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் நீங்கள் வேறு ஆளாக மாறிவிடலாம், ரியூவாகக் குதித்து சாங்கியெஃபாக இறங்கலாம். காப்காம் கம்பெனிக்கு இந்த வேகம் தலைவலி ஆனது. 1992 கடைசியில் அவர்களே ‘ஹைப்பர் ஃபைட்டிங்’ என்று வேகமான ஒன்றை வெளியிட்டதில் இந்த மாதிரி நகல்களுக்குப் பங்கு உண்டு.

மேம் இந்த நகலையும் தனி இயந்திரமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று பிரிக்காமல், ‘இப்படி ஒன்று இருந்தது’ என்று எழுதி வைத்திருக்கிறது. எனக்கு மேம் மேல் உள்ள மரியாதையில் பாதி இதற்காக.

ஓட்டினேன். மாமா கைமுட்டியை மேசையில் ஊன்றி, விரலை விரித்து, விசைப்பலகையை ஜாய்ஸ்டிக் போலப் பிடித்தார். ஒலி சரி. வேகம் சரி. தாமதம் கொஞ்சம் தட்டுகிறது, பரவாயில்லை. அவருக்குத் திருப்தி. எனக்குத்தான் இன்னும் தோண்ட ஆசை. டேப் விசையை அழுத்தி ‘டிப் ஸ்விட்ச்’ பக்கத்தைத் திறந்தேன். ஆர்கேட் பலகைகளில் குட்டி ஸ்விட்சுகள் இருக்கும், ஒரு ஆட்டத்துக்கு எத்தனை காசு, எத்தனை கஷ்டம் என்பதைக் கடைக்காரர் அதில் வைப்பார். கஷ்டம் 0 முதல் 7 வரை. 3 என்பது சாதாரணம். சின்னவன் 7-இல் வைத்திருந்தான்.

“மாமா, இவன் ஏன் ஏழுல வச்சிருக்கான்?”

மாமா ஜன்னலுக்கு வெளியே கயிற்றைப் பார்த்தார். “கடைல ஏழுலதான் இருந்துச்சு.”

அத்தை கரண்டியோடு வந்துவிட்டார். பிள்ளைகள் காசை அந்தப் பெட்டிக்குள் கொட்டிக்கொண்டே போனதன் ரகசியம் இருபத்தைந்து வருடம் கழித்து வெளியே வந்தது. சின்னவனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் ஒருநாள் பெட்டியின் பின்கதவைத் திறந்து பார்த்திருப்பான் போல.

இன்னொன்றும் கவனித்தேன். ஆட்டத்தை மூடித் திறந்தால் அதிக மதிப்பெண் பட்டியல் அழிந்துவிடுகிறது. பழுது இல்லை அது. அசல் பலகையிலும் மின்சாரம் போனால் மதிப்பெண் போய்விடும், மேம் அதையும் உள்ளபடி செய்கிறது. வேண்டுமென்றால் மதிப்பெண்ணைச் சேமிக்க ‘ஹைஸ்கோர்’ என்ற துணைநிரலைப் போடலாம். லான்மடாவில் அப்போதும் மின்சாரம் போகும். மாமா அதற்கு வைத்திருந்த துணைநிரல் ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, பையன் பெயர், மதிப்பெண். பர்மிய எண்களில், தமிழ்க் கையெழுத்தில். இன்னும் வைத்திருக்கிறார்.

சின்னவன் வைத்திருந்த மேம் சில வருடம் பழைய பதிப்பு. மாதா மாதம் புதிய பதிப்பு வரும், நான் பென் டிரைவில் புதியது கொண்டுபோயிருந்தேன். போட்டுவிடலாம் என்று பார்க்கும்போதுதான், ‘சேவ் ஸ்டேட்’ கோப்புறையில் ஒரே ஒரு கோப்பு கண்ணில் பட்டது. ஆட்டத்தை நடுவில் அப்படியே உறைய வைத்துவிட்டு, பிறகு அதே நொடியிலிருந்து தொடரலாமே, அந்தக் கோப்பு. தேதி, அவன் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஒரு பதிப்பில் உறைய வைத்ததை மேம் இன்னொரு பதிப்பில் எழுப்பும் என்று உறுதி கிடையாது. இயந்திரத்தை இன்னும் சரியாக எழுத எழுத, உள்ளே இருக்கும் அமைப்பு மாறும், பழைய உறைநிலை பொருந்தாமல் போகும். ரோம் கோப்புகளின் பெயர்களும் சேர்க்கையும்கூடப் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். துல்லியம் கூடக் கூடப் பழையது தள்ளிப்போகிறது.

மாமாவிடம் விளக்கினேன். புதியது வேண்டுமா, பழையதே இருக்கட்டுமா? இரண்டையும் தனித்தனிக் கோப்புறையில் வைக்கலாம், ஒன்றும் குடி முழுகாது என்றும் சொன்னேன். அவர் அந்தக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். கடைசி ஆள், பைசன். சின்னவனின் கென் நடு ஆகாயத்தில் நிற்கிறான், உயிர்க்கோடு ஒரு நூல் அளவு. நான் நிறுத்தும் விசையில் விரலை வைத்துக்கொண்டு, “ஆடுறீங்களா மாமா?” என்றேன்.

“மூடு. அவன் ஆட்டம் அது.”

மூடினேன். பழைய மேம் ஒரு கோப்புறை, புதிய மேம் ஒரு கோப்புறை, மெசென் ஒரு கோப்புறை. பழையதை முழுசாக, ரோமும் உறைநிலையும் சேர்த்து, பென் டிரைவில் இரண்டு பிரதி எடுத்தேன்.

ரோம் பற்றிக் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். மேம் ஆட்டங்களோடு வராது. பெரும்பாலான ஆட்டங்களுக்கு இன்னும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள், இறக்கி ஆடுவது உங்கள் நாட்டுச் சட்டப்படி தப்பாக இருக்கலாம். ‘ராபி ரோட்டோ’, ‘கிரிட்லீ’ போலச் சிலவற்றை அவற்றின் உரிமையாளர்களே இலவசமாக விட்டிருக்கிறார்கள், மேமின் சொந்தத் தளத்திலேயே கிடைக்கும். அவற்றில் தொடங்குங்கள். மாமாவிடம் பலகை பீரோவுக்கு மேலே இருக்கிறது, அவர் கதை வேறு. நகலின் நகலுக்கு யார் உரிமையாளர் என்பதை வக்கீல்களுக்கு விட்டுவிடுகிறேன்.

மெல்போர்ன் திரும்பியதும் சின்னவனுக்குப் பழைய கோப்புறையின் பிரதியை அனுப்பினேன். அமைப்புகளைச் சேமிக்கும் ‘சிஎஃப்ஜி’ கோப்புறையை மட்டும் சேர்க்கவில்லை, அதில் இருப்பது இந்த லேப்டாப்பின் விசைகளும் திரையும்தானே, அவனுடைய போன கணினிக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டேன். டிப் ஸ்விட்சும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த உறைந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, நானும் கேட்கவில்லை. புதிதாக ஒரு ஆட்டம் தொடங்கிப் பார்த்திருக்கிறான்.

“அக்கா, இது எங்க அப்பா மெஷின் இல்ல. எல்லாரும் சீக்கிரம் சாகுறாங்க.”

டேப் அழுத்து, டிப் ஸ்விட்ச், கஷ்டம் ஏழு என்று எழுதி அனுப்பினேன்.